படத்தில் இல்லாத வசனம்

சேசு மரி சூசை
கடலூர் முதுநகர்
12-6-2024

அன்புள்ள விருத்தாவுக்கு மேரி எழுதறது.

நான் நல்லா இருக்கறேன். முட்டி மட்டும் என் பேச்சக் கேக்கறதில்ல. உன் சுகத்துக்கு எழுது. போன் பண்ணலாம்தான். பண்ணா உன் மருமக பவானி அத ஸ்பீக்கர்ல போட்டு அடுப்படியில வச்சிடறா. நான் உங்கிட்ட பேசறத குக்கரும் சேந்து கேக்குது. அதனாலதான் இந்த இன்லேண்டு லெட்டரு. தபால்காரரு கூட என்ன அதிசயமா பாக்கறாரு.

சங்கதிக்கு வர்றேன். அந்தப் படம் கெடச்சிடுச்சி.

எந்தப் படம்னு கேக்காத. உனக்கும் எனக்கும் ஒரே படம்தான். அறுபத்தேழுல எனக்கு அம்மை போட்டிருந்தப்ப, நம்ம மாதா கோயில் மண்டபத்துல வெள்ளக்கார சாமியாரு மெஷின் வச்சி காட்டினாரே, நான் பாக்காம விட்டுட்டு அழுதனே, அது. நீ பாத்துட்டு வந்து எங்க வீட்டு பின்பக்க ஜன்னல்ல நின்னு மொத்தக் கதையும் எனக்குச் சொன்ன. மறுவாரமும் ஓடுச்சி, எனக்கு தலைக்குத் தண்ணி ஊத்தறதுக்குள்ள ரீலு மெட்ராஸுக்குத் திரும்பிப் போயிடுச்சி.

எம் பேத்தி மேரி ஷாலினி கண்டுபுடிச்சா. அவ காலேஜில சினிமாவப் பத்தி படிக்கறா. அதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதாம். வகுப்புல மொத மார்க்கு அவதான், இத நான் ஏற்கெனவே எழுதியிருந்தாலும் இன்னொரு தடவ படிச்சிக்க. ஓட்டல்ல தட்டு கழுவற பொண்ணு, பணக்காரன் ஒருத்தன் வீட்டுக்குப் போறா, கெட்ட பேரு வாங்கறா, கடைசில ரயிலேறி ஊர விட்டே போறான்னு நான் சொன்னேன். நாலு நாளு தேடி எடுத்துட்டா. படம் வந்து தொண்ணூத்திரண்டு வருஷம் ஆச்சாம். எடுத்து டிவியில போட்டா. கீழ தமிழ் எழுத்து ஓடுது. அதுவும் மெஷினே எழுதறதாம், பாதி கோணல். அஞ்சாங்கிளாசு படிச்சவ நான் ஒரு வரிய கூட்டிப் படிக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்து நிக்குது. ஷாலினி நிறுத்தி நிறுத்திக் காட்டினா.

எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்குது விருத்தா. அந்த ஸ்டேஷன் மட்டும் இல்ல.

ஸ்டேஷன் இருக்குது. மழை பெய்யுது, ரயிலு நிக்குது, அவ ஏறி ஜன்னல்கிட்ட உக்காந்துட்டா. அவள விரும்புனவன் கீழ நிக்கறான். ஒரு நெருப்புக்குச்சிய கிழிச்சி, சிகரெட்டுல வைக்காமயே விரலு சுடற வரைக்கும் புடிச்சிக்கிட்டு நிக்கறான். ரயிலு போயிடுது. அவன் ஒரு வார்த்த பேசல.

நீ எனக்கு என்னா சொன்ன, ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்குது. அவன் சொல்றான்னு சொன்ன: "நீ போற ஊர்ல யாராவது உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா மொத தடவ திரும்பாத. அது நானா இருக்கும். ரெண்டாந்தடவ கூப்பிட்டா திரும்பு. அது அங்க உனக்குன்னு இருக்கறவரு."

இந்தப் பேச்சு எங்க போச்சி? ஷாலினிய நாலு தடவ ஓட்டச் சொல்லிப் பாத்துட்டேன். அவன் வாயே தொறக்கல.

அன்னிக்கி திரைக்குப் பக்கத்துல நின்னு தமிழ்ல கதை சொன்னது எங்க வீட்டுக்காரரு. அப்ப எனக்கு வீட்டுக்காரரு இல்ல, நம்ம மாதா கோயில்ல வேதம் சொல்லிக் குடுத்த உபதேசியாரு மகன் லூர்துநாதன். இங்கிலீஷ் பேச்ச இவ்வளவு அழகா தமிழாக்கிச் சொல்ற ஆளான்னுதான், ரெண்டு வருஷம் கழிச்சி அவரு சம்பந்தம் வந்தப்ப, நான் மறுபேச்சு பேசாம தலையாட்டினேன். இது உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால உன்னக் கேக்கறேன். அத அவரு சொன்னாரா, நீ கட்டிச் சொன்னியா? சீக்கிரம் எழுது.

இப்படிக்கு உன் கூட அஞ்சு வருஷம் ஒரே பலகையில உக்காந்த
மேரி


உ
தில்லையம்மன் துணை
சிதம்பரம்
21-6-2024

அன்பு மேரிக்கு,

கடிதம் கிடைத்தது. பவானி "யாருக்கு அத்தை லவ் லெட்டரு?" என்று கேட்டாள். கடலூரில் ஒரு கிழவி என்னைத் துரத்துகிறாள் என்று சொன்னேன். ஸ்பீக்கர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சிரித்தாள். ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

ஷாலினி படிப்பதைக் கேட்டு சந்தோஷம். சுற்றிப் போடு.

நீ கேட்ட விஷயம். அம்பத்தேழு வருஷத்துக்கு முந்தினது மேரி. எனக்கு அந்தப் படமே மறந்துபோச்சு. நீ முகமெல்லாம் கொப்புளத்தோடு படுத்திருந்தாய். உன்னைத் தேத்தறதுக்காக வாய்க்கு வந்ததைச் சேத்துச் சொல்லியிருப்பேன். வயசுப் பொண்ணுங்க கதை சொன்னால் நாலு கூடத்தான் வரும். இதைப் போய் இந்த வயசில் தோண்டிக்கொண்டு உட்காராதே. முட்டிக்குத் தைலம் போடு.

அந்தப் பொண்ணு ரயில் ஜன்னலில் கை வச்சிருப்பாளே, கையுறையில் ஒரு விரல் கிழிந்திருக்கும், அது இப்பவும் தெரிகிறதா? டிவியில் எல்லாம் தெளிவாக இருக்கும் என்று சொல்கிறார்கள்.

பங்குனியில் வைத்த வடகம் கொஞ்சம் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் உன் நினைப்பில்
விருத்தாம்பாள்


சே. ம. சூ.
கடலூர் முதுநகர்
4-7-2024

அன்புள்ள விருத்தா,

படமே மறந்துபோச்சின்னு எழுதி, நாலு வரி தள்ளி கிழிஞ்ச கையுறையக் கேக்கற. அது இருக்குது. வலது கை, மோதிர விரலு. ஒரு நொடிதான் தெரியுது. ஷாலினியே கவனிக்கல, நான் சொல்லித்தான் பாத்தா.

அதுக்கப்புறம் அந்தக் காலத்துப் படமா இன்னும் பத்து பதினோரு படம் பாத்துட்டேன். காலேஜு லீவுங்கறதால தெனம் மதியம் சோறு தின்னதும் ஷாலினி ஒண்ணு போட்டு வுட்டுட்டுப் போறா. மருமகன் டேவிட் ராஜ் "அத்த, சீரியல வுட்டுட்டீங்களா?"ன்னு கேக்கறாரு. வுட்டுட்டேன். இதுல என்னா இருக்குதுன்னு சொல்றேன் கேளு. பாட்டு இல்ல. சண்டை இல்ல. ஒருத்தர் பேசி முடிச்சா பின்னால வாத்தியம் வந்து நம்மள அழச் சொல்லாது. உஸ்ஸுன்னு ஒரு எரச்சல் மட்டும் கேக்கும், காத்து அடங்குன நேரத்துல நம்ம துறைமுகத்துல கேக்குமே அது மாதிரி. சினிமாவுக்குப் பேச்சு வந்த புதுசாம், ரெண்டு மூணு வருஷம்தான் ஆச்சாம், பேச்சுக்கு அடியில வாத்தியம் போட இன்னும் பழகலயாம். அந்தப் பொம்பளைங்களப் பாரு. ஊரே கெட்டவன்னு சொல்லுது, கண்ணு தாழ மாட்டேங்குது. கைய இடுப்புல வச்சிக்கிட்டு ஆம்பளைய நிறுத்தி ஒரு கேள்வி கேக்கறாளுங்க. பதில் வராது. எரச்சல்தான் வரும். நான் அந்த நேரத்துல மூச்சு வுட மாட்டேன்.

ஷாலினிகிட்ட கேட்டேன், இதுல ஒருத்தராவது உசுரோட இருக்காங்களான்னு. "யாரு ஆயா இருப்பாங்க, படத்துல வர்ற கைக்கொழந்த கூட போயிருக்கும்"னா. எல்லாரும் மண்ணுக்குள்ள. ஆனா பேசறாங்க, பஸ்ஸ வுட்டுடப் போறோம்ங்கற மாதிரி வேக வேகமா. எனக்கு மேலெல்லாம் சிலுத்துடுச்சி. எங்க வீட்டுக்காரரு போயி அஞ்சு வருஷம்தான் ஆவுது, எனக்கு அவரு கொரலு வரல விருத்தா. கடைசி ரெண்டு வருஷம் பக்கவாதத்துல வாய் கோணிக்கிட்டு ஊ ஊன்னு ஒரு சத்தம், அதுதான் வருது. அதுக்கு முன்னால இருந்த கொரல அந்தச் சத்தம் மூடிக்கிச்சி. ஆனா அந்த ஸ்டேஷன் வரும்போது, அவன் குச்சிய கிழிச்சிட்டு சும்மா நிக்கறப்ப, திரைக்குப் பக்கத்துல யாரோ மூச்ச இழுத்து பேச ஆரம்பிக்கப் போற மாதிரியே இருக்குது. தெனம் அங்க வந்து நிறுத்திடறேன்.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் போயி தேவநாதனப் பாத்தேன். மண்டபத்துல மெஷின் ஓட்டுன தேவநாதன்தான். எம்பது வயசு, பல்லு ஒண்ணும் இல்ல, புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்குது. கேட்டேன். அவரு சொன்னத அப்படியே எழுதறேன்:

"ஆமா, சொன்னான். அந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் சொன்னான். எப்பவும் திரையப் பாத்து கதை சொல்ற பையன், அன்னிக்கி சனத்தப் பாத்து சொன்னான். பொம்பளைங்க பக்கம். நான் மெஷின்கிட்ட இருந்து பாக்கறேன், வெளிச்சம் அவன் மொகத்துல பாதி வுழுது. ஆட்டம் முடிஞ்சதும் சாமியாரு கூப்பிட்டு, நான் சொல்லிக் குடுக்காதத நீ ஏன் சொன்னன்னு கேட்டாரு. தலையக் குனிஞ்சிக்கிட்டான். மறுவாரம் அந்த எடத்துல வாயத் தொறக்கல."

அன்னிக்கி நான் அம்மைல கெடந்தேன். பொம்பளைங்க பக்கம் நீ இருந்த. அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல, தை மாசம், நீ கல்யாணமாகி சிதம்பரத்துக்கு ரயிலேறிப் போயிட்ட.

நான் படிக்காதவதான், ஆனா கூட்டிக் கழிக்கத் தெரியும். அத அவரு உங்கிட்ட சொன்னாரா? ஆமா இல்லன்னு ஒரு வார்த்த எழுது. இன்னொண்ணும் எழுது. அவரு செத்தப்ப ஊரு சனம் பூரா வந்துச்சி, நீ ஏன் வரல?

மேரி


கடலூர் முதுநகர்
7-8-2024

விருத்தா,

ஒரு மாசம் ஆச்சி, உன் பதில் வரல. தபால்காரருகிட்ட கேட்டுக் கேட்டு அவரு இப்ப நம்ம தெருவுக்கு சைக்கிள மெதுவாவே ஓட்டறதில்ல.

நீ எழுதாட்டியும் நான் ஒண்ணு எழுதறேன். கல்யாணமாகி மூணாம் நாளு. நான் கெணத்தடியில பாத்திரம் தேச்சிக்கிட்டிருந்தேன். பின்னால வந்து "மேரி"ன்னு கூப்பிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. அந்தப் படத்துப் பேச்ச வச்சி வெளாடலாம்னு திரும்பாம இருந்தேன். ரெண்டாந்தடவ கூப்பிட்டாரு. அப்புறம் திரும்பி, "மொத தடவ கூப்பிட்டது யாரோ, ரெண்டாந்தடவதான் நீங்க"ன்னு சொன்னேன். அவரு மொகம் சாம்பலாப் போச்சி. "இத யாரு சொன்னா உனக்கு?"ன்னாரு. "விருத்தா சொன்னா, படத்துல நீங்க சொன்னதுதானே"ன்னேன். கெணத்துல தண்ணி எறைச்சி எறைச்சி, தொட்டி நெறஞ்ச பெறவும் எறைச்சிக்கிட்டே இருந்தாரு. நான் என்னா நெனச்சேன் தெரியுமா? வெக்கப்படறாருன்னு நெனச்சேன். தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் எம் புருஷன் அவ்வளவு கூச்சக்காரருன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன்.

அம்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்த மனுஷன் யாருன்னு எனக்குத் தெரியணும். அவர இனி கேக்க முடியாது. உன்னத்தான் கேக்க முடியும்.

சவரிமேரி


உ
தில்லையம்மன் துணை
சிதம்பரம்
29-8-2024

மேரி,

ஆமாம். என்னிடம்தான் சொன்னார்.

இந்த ஒரு வரியை எழுத இவ்வளவு நாள் ஆச்சு. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அதுக்கு முன்னாலும் பின்னாலும் நாங்கள் தனியாக ஒரு வார்த்தை பேசினதில்லை. மண்டபத்தில் படம் போடும் ஒவ்வொரு ஞாயிறும் நான் பெண்கள் பக்கம் மூணாவது வரிசையில் தூண் ஓரம் உட்காருவேன். அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவ்வளவுதான். எனக்கு சிதம்பரத்தில் பேசி முடிச்சு, எங்கப்பா உபதேசியார் வீட்டுக்கும் வெத்திலை பாக்கு வச்சு அழைச்சிட்டு வந்தார். அதுக்கு மறுவாரம் அந்தப் படம். முந்நூறு பேர் நடுவில் சொன்னார். எல்லாரும் படத்தில் வரும் பேச்சு என்று நினைத்து மூக்கைச் சிந்தினார்கள். நான் குனிந்துகொண்டேன். நான் கொடுத்த பதில் அதுதான்.

வெளியே வந்தால் நெஞ்சு அடங்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போல இருந்தது. உன் ஜன்னலுக்கு வந்தேன். என் கதையாகச் சொல்லத் தைரியமில்லை, படத்துக் கதையாகச் சொன்னேன். வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நீ அழுதாய். "இப்படிப் பேசத் தெரிஞ்சவன்கூட வாழணும்டி" என்று சொன்னாய். எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அப்புறம் தலைஆடிக்கு வந்திருந்தபோது உங்கம்மாவிடம் நான்தான் சொன்னேன், உபதேசியார் மகன் இருக்கிறாரே, மேரிக்குப் பாருங்கள் என்று. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் சொன்னேன் என்று கேட்டால், உனக்கு நல்லது என்று சொல்லலாம். அவர் என் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும் என்றும் இருக்கலாம். இந்த வயசிலும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இங்கே வந்ததிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் தடவை நான் திரும்பினதில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கழுத்து திரும்பாது. என் வீட்டுக்காரர் சிங்காரம் எனக்குக் காது மந்தம் என்று நினைத்தார். ஒரு தடவை பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காது டாக்டரிடம் காட்டினார். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எதற்குமே என்னை ரெண்டு தடவை கூப்பிடப் பழகிக்கொண்டார். அவரும் நல்ல மனுஷன்தான் மேரி.

நீ கேட்ட இன்னொண்ணு. சாவுக்கு வந்தேன். பவானியிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, முதுநகரில் இறங்கினேன். உங்கள் தெரு முனையில் பேண்டு சத்தம் கேட்டது. அங்கே வந்தால் நான் உன்னைவிட அதிகமாக அழுதுவிடுவேன் என்று பயம். ஊர் பார்க்கும், நீ பார்ப்பாய். திரும்பி நடந்தேன். பின்னால் யாரோ "விருத்தா" என்று கூப்பிட்டார்கள். ஆம்பளைக் குரல். ஒரே தடவை. நான் அப்படியே நின்றேன். ரெண்டாவது தடவை கூப்பிடட்டும் என்று எவ்வளவு நேரம் நின்றேனோ. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

இனி நீ எழுதாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

விருத்தாம்பாள்


சே. ம. சூ.
கடலூர் முதுநகர்
16-9-2024

விருத்தாவுக்கு,

உன் கடுதாசிய ஒரு தடவதான் படிச்சேன். எட்டு நாளு மாதா படத்துக்குப் பின்னால சொருகி வச்சிட்டு, அந்தப் பக்கமே பாக்காம ஜெபம் சொன்னேன். ஷாலினி "ஆயா, படம் போடவா?"ன்னு கேட்டா, வேணாம்னுட்டேன். அவ என் நெத்தியத் தொட்டுப் பாத்தா.

கோவம் இருக்குது, இல்லன்னு சொன்னா பொய். அவரு மேல எவ்வளவு, உன் மேல எவ்வளவு, ஜன்னல்ல அழுத அந்தப் பதினேழு வயசுப் பொண்ணு மேல எவ்வளவுன்னு பாத்தேன். அவ மேலதான் ஜாஸ்தியா இருக்குது. அடுத்தவளுக்கு வந்த பேச்சக் கேட்டு அழுதுட்டு, அத நம்பி ஒரு குடும்பமே நடத்தி, மூணு புள்ள பெத்து, பேத்தி வரைக்கும் வந்துட்டா.

ஆனா நீ ஒண்ணு தெரிஞ்சிக்க. அவரு எனக்கு அந்தப் படத்த எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு. கரண்டு போனா சொல்லுவாரு, புள்ளைங்க தூங்கலன்னா சொல்லுவாரு, எனக்கு மூணாவது பிரசவத்துல ஜன்னி வந்தப்ப விடிய விடிய சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் முடிவு வேற. ஒரு தடவ அவ ஓட்டலுக்கே மொதலாளி ஆயிடுவா. ஒரு தடவ பணக்காரன் வந்து கால்ல வுழுவான். ஒரு தடவ அவளும் என்ன மாதிரியே மீன் கொழம்பு வச்சி, உப்பு ஜாஸ்தியாப் போட்டுட்டு, ஒத்துக்காம சண்ட போடுவா. இதெல்லாம் எனக்குன்னு சொன்னது. நீ கேட்டதில்ல. ரயிலு வர்றதுக்கு முன்னாலயே கதைய முடிச்சிடுவாரு. ஸ்டேஷன எனக்கு சொன்னதே இல்ல. மறந்துட்டாருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.

நேத்து மறுபடியும் படத்தப் போடச் சொன்னேன். ஸ்டேஷன் வந்துச்சி. அவன் குச்சிய கிழிச்சிட்டு நின்னான். நான் நிறுத்தல. ஓட வுட்டுட்டுப் பாத்தேன். அந்த எரச்சல்ல யாரும் பேசல. திரைக்குப் பக்கத்துல வெறும் செவுரு.

அதனால ஒண்ணு கேக்கறேன். நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கறவ இல்ல, அது உனக்குத் தெரியும்.

எனக்கு அவரு கொரலு அம்பது வருஷம் காதுல வுழுந்து வுழுந்து தேஞ்சி, கடைசில அந்த ஊ ஊதான் நிக்குது. அந்தப் பேச்ச நீ கேட்டது ஒரே தடவ. அது உங்கிட்ட தேயாம இருக்கும். இங்க வா. டிவிக்குப் பக்கத்துல, அவரு நின்ன மாதிரி நில்லு. அந்த எடம் வரும்போது அவரு எப்படி சொன்னாரோ, எங்க இழுத்தாரோ, எங்க நிறுத்தி மூச்சு வாங்குனாரோ, அப்படியே சொல்லு. எனக்கு சொன்னதா நான் நெனச்சிக்க மாட்டேன், அந்த அளவுக்கு மானங்கெட்டவ இல்ல நானு. அவரு கொரலு வேணும், அவ்வளவுதான்.

சொல்லி முடிச்சதும் நீ அழுதா அழு. என்ன விட ஜாஸ்தி அழுதாலும் இங்க பாக்கறதுக்கு ஊரு இல்ல, நான் மட்டும்தான். அழுது முடிச்ச பெறவு அவரு எனக்கு சொன்ன முடிவெல்லாம் ஒண்ணு ஒண்ணா நான் உனக்கு சொல்றேன். உனக்கும் அது வேணும்னுதான் நெனைக்கறேன்.

ஷாலினிக்கு இப்ப செவ்வாயும் வெள்ளியும்தான் காலேஜு கெடயாது, படத்தப் போட்டு வுட்டுட்டு அவ வெளிய போயிடுவா. பகல்லயே வா. காலைல கெளம்புனா வெயிலு ஏறறதுக்குள்ள வந்துடலாம். முதுநகர்ல எறங்கி, தெரு முனையோட திரும்பிடாம நேரா வீட்டுக்கு வா.

வர்றதா இருந்தா பதிலு எழுதிக்கிட்டு உக்காந்திருக்காத, கெளம்பி வந்துடு. வர மாட்டேன்னா மட்டும் எழுது.

மேரி